அய்யம்மாள் சொன்ன மருந்து

தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டதும் அய்யம்மாள் அடுப்பை அணைத்துவிடுகிறாள். உலையில் அரிசி பாதி வெந்திருந்தாலும் சரி, எண்ணெயில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தாலும் சரி. தீயணைப்பு வண்டி சாத்தூர் பஜாரைத் தாண்டிப் பாலத்தில் ஏறுகிறவரை வாசல்படியில் நிற்பாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் வண்டி அந்த ஏற்றத்தில் கியர் மாற்றித் திணறும். திணறலைக் கேட்ட பிறகுதான் உள்ளே வருவாள். மறுபடி அடுப்பைப் பற்றவைப்பது வண்டி திரும்பிய பிறகு. காலித் தொட்டி என்றால் வழியெல்லாம் லொடலொடக்கும். “காலியா வருது. அங்கன நல்ல வேலை போல” என்பாள். தண்ணீர் குறையாமல் வண்டி திரும்பினால், “எவனோ குப்பையக் கொளுத்திட்டுப் போன் போட்டிருக்கான். வெறும் பய.”

அந்த வண்டியில் அவளுக்கு இப்போது ஆள் இல்லை. அவள் கணவர் சங்கிலிமுத்து முன்னணித் தீயணைப்பாளராக இருந்தவர், 2003-இல் இறந்துபோனார். ஒரே மகள் இசைவாணி தூத்துக்குடியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இன்ஜினீயர். சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவாள். அவள் வந்திருக்கும் நாளில் மணி அடித்தாலும் இதே கதைதான்.

“எதுக்கும்மா அணைக்கிற?”

“வந்து திங்கும்போது சூடா இருக்கணும்ல.”

“யாரு வந்து?”

“நீதான் வந்திருக்கியே. பேசாம இரு.”

அய்யம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறாள். சரவெடி பின்னுவதுதான் சின்ன வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த வேலை. வெடிகளின் திரிகளை நூலில் கோத்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கண் அங்கே இருக்க வேண்டியதில்லை. அவள் கண் பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைத்தாயின் வாயில் இருக்கும். வெள்ளைத்தாய் பின்னுவதைவிடப் பேசுவது அதிகம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து முதலாளி மகன் வாங்கிய காரின் நிறம்வரை எல்லாம் அங்கே அலசப்படும். அய்யம்மாள் சிரிப்பாள், கை நிற்காது.

கல்யாணம் ஆன புதிதில் சங்கிலிமுத்து அவளைக் கேலி செய்வார். “நீ வெடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குத. நான் அணைக்கிறதுக்கு வாங்குதேன். ஒரே வீட்டுல ரெண்டு கட்சி.” அவளும் விடமாட்டாள். “நாங்க பின்னலைன்னா உங்களுக்கு ஏது வேலை? நின்னுகிட்டே தூங்க வேண்டியதுதான்.”

அவள் பேச்சில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். காய்ச்சலுக்குப் போடுவது மாத்திரை. இருமலுக்குக் குடிப்பது டானிக். கையில் குத்துவது ஊசி. பயிருக்குத் தெளிப்பதைப் பற்றி அவளுக்குப் பேச வேண்டி வந்ததே இல்லை. அவள் அப்பா காலத்திலேயே காடு தரிசாகக் கிடந்து பட்டாசுக் கம்பெனி வந்துவிட்டது. மருந்து என்றால் வெடிமருந்து. மருந்து கலக்குகிற அறை மருந்து ரூம். அங்கே வேலை பார்க்கிறவன் மருந்துக்காரன். சாயந்தரம் கை முழுக்க வெள்ளிப் பூச்சுபோல மினுங்குவது மருந்து. தூள் நெஞ்சில் இறங்கி யாராவது இருமினால், “மருந்து உள்ள போயிருச்சு, ஒரு வாழப்பழம் தின்னு” என்பார்கள். அந்த வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சங்கிலிமுத்துவும் அப்படித்தான் சொன்னார்.

அவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அய்யம்மாள் தீபாவளியில்தான் ஆரம்பிப்பாள். ஊரெல்லாம் பட்டாசு செய்கிற ஊர். ஆனால் அவர்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்புக்கூட எரிந்ததில்லை. அன்றைக்கு அவருக்கு எப்போதும் டியூட்டி. காலையிலேயே பணியாரமும் கறிக்குழம்பும் தூக்குச்சட்டிகளில் நிரப்பிக்கொண்டு, புதுப்பாவாடை கட்டிய இசைவாணியையும் கூட்டிக்கொண்டு அய்யம்மாள் ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். வண்டிக்குப் பின்னால், நிழலில், சாக்கு விரித்து உட்காருவார்கள். டிரைவர் கருத்தப்பாண்டி குடும்பமும் வந்துவிடும். இலை போட்டு, முதல் உருண்டை வாய்க்குப் போகும்போது மணி அடிக்கும். டியூட்டியில் இருக்கும் நான்கு ஆண்களும் எச்சில் கையோடு ஓடுவார்கள். கருத்தப்பாண்டி ஒரு முறை பணியாரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டே வண்டியை எடுத்ததை இசைவாணி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

“அவுக இலைய மடிக்கவே கூடாது” என்பாள் அய்யம்மாள். “மேல இன்னொரு இலையக் கவுத்தி வச்சிருப்பேன். வந்து அதே இலையில உக்காந்து சாப்பிடுவாக. மீசையெல்லாம் கரி. எந்த ஊரு, எத்தன குடிசைன்னு கேட்டா சொல்லமாட்டாக. குழம்பு நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுவாக.”

பயிற்சி நாளில் ஸ்டேஷன் முற்றத்தில் தண்ணீரை மேல்நோக்கிப் பீய்ச்சுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் இசைவாணி பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அந்தச் சாரலில் சைக்கிள் ஓட்டுவாள். அவளுக்கு சைக்கிள் பழகியதே அங்கேதான். விழுந்தால் தூக்கிவிட நான்கு தீயணைப்புக்காரர்கள். “எம்மகளக் காப்பாத்த கவர்மெண்டே ஆள் போட்டிருக்கு” என்று அய்யம்மாள் பெருமை பேசுவாள்.

அது 2003 புரட்டாசி மாதம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து ரூம் தீப்பிடித்துக்கொண்டது. சாத்தூர் வண்டியும் போயிற்று. உள்ளே ஆட்கள் இருப்பதாக யாரோ கத்தினார்கள். சங்கிலிமுத்து ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு முறை உள்ளே போனார். இரண்டு முறையும் ஆளோடு வெளியே வந்தார். சாயந்தரம் வீடு திரும்பிக் குளித்தார். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. சாப்பிடும்போது இருமினார்.

“மருந்து உள்ள போயிருச்சு, அய்யம்மா. காலையில சரியாயிரும்” என்றார்.

அவள் வாழைப்பழம் கொடுத்தாள்.

காலையில் சரியாகவில்லை. மத்தியானத்துக்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உதட்டோரம் நுரை வந்தது. கருத்தப்பாண்டி ஒரு வேனைப் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனான். பெரிய ஆஸ்பத்திரி. அவன் வேனை நிறுத்தப் போனபோது இளம் டாக்டர் ஒருவர் வந்துவிட்டார். சங்கிலிமுத்துவால் பேச முடியவில்லை. பேசியது அய்யம்மாள்.

“என்னம்மா ஆச்சு?”

“மருந்து உள்ள போயிருச்சுய்யா.”

“மருந்தா? எப்போ?”

“நேத்து.”

“எவ்வளவு?”

“நெறையத்தான்யா போயிருக்கும்.”

“என்ன மருந்து?”

“எனக்கு என்னய்யா தெரியும்? நான் கூட இல்லையே.”

“வீட்டுல ஏதாவது சண்டையா?”

இந்தக் கேள்வி எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. “எங்களுக்குள்ள என்னய்யா சண்டை” என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். விஷம் அருந்தியதாக மனைவி கூறினார் என்பது அவர் எழுதியது. அவர் ஊரில் மருந்து உள்ளே போனால் அதற்கு வேறு பொருள் இல்லை.

வயிற்றைக் கழுவ மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டார்கள். சங்கிலிமுத்து கையை உயர்த்தி அதைப் பிடிக்கப் பார்த்தார். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட கருத்தப்பாண்டி ஒருவழியாக உள்ளே வந்து நடந்ததைச் சொன்னபோது அந்த டாக்டரின் முறை முடிந்திருந்தது. அடுத்து வந்தவர் நெஞ்சைப் பார்த்தார், ஆக்ஸிஜன் வைத்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார். மறுநாள் எல்லாம் முடிந்தது.

இசைவாணி அப்போது கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வெடிமருந்து எரியும்போது கிளம்பும் சில வாயுக்கள் உடனே ஒன்றும் செய்யாது. ஒரு நாள் கழித்துத்தான் நுரையீரலை நிரப்பும். அவள் பாடப்புத்தகத்தில் அது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தை அவள் தேர்வுக்குப் படித்திருந்தாள்.

பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர் குடும்பத்துக்குத் தனி ஓய்வூதியம் உண்டு. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் அய்யம்மாளுக்கு வந்துவிட்டது. இது மட்டும் வரவில்லை. பிரேதப் பரிசோதனையில் விஷம் எதுவும் இல்லை என்று வந்த பிறகும் வரவில்லை. அவர் இறந்தது டியூட்டி முடிந்த பிறகு. மருந்து சாப்பிட்டதாகச் சொன்னது கட்டிய மனைவி. அதை அவளே மறுத்துச் சொல்லாதவரை ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள்.

பணத்தைவிட இன்னொன்று அவளை அறுத்தது. சித்திரை பிறக்கிற சமயத்தில் தீத்தொண்டு நாள் வரும். பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்களை வாசித்து, ஸ்டேஷனில் மலர்வளையம் வைத்து வணங்குவார்கள். அய்யம்மாள் அன்றைக்குக் கம்பெனிக்குப் போகமாட்டாள். வெளுத்த சேலை கட்டிக்கொண்டு கொடிக்கம்பத்துக்கு அருகில் போய் நிற்பாள். பெயர்கள் வாசிக்கப்படும். விசாரணை முடியாததால் சங்கிலிமுத்து அதில் இருக்கமாட்டார். வாசித்து முடித்ததும் எல்லாரோடும் சேர்ந்து கும்பிட்டுவிட்டு வருவாள். கருத்தப்பாண்டி அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் ஏதாவது பழுது பார்ப்பதுபோலப் படுத்துக்கொள்வான்.

ஊர்வாய் வேறு. விருதுநகரில் ஒரு கல்யாணத்தில், தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “அண்ணனுக்கு என்ன குறை மைனி, போயி மருந்தக் குடிச்சாரு?”

அய்யம்மாள் சாம்பார் வாளிக்காரனைக் கூப்பிட்டாள். “தம்பி, இவுகளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துப்பா. வாய் சும்மா இருக்கு.”

இசைவாணி வேலைக்குப் போன பிறகு கேஸைக் கையில் எடுத்தாள். வாயுக்களின் பெயர், அளவு, நுரையீரலில் அவை செய்வது, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினாள். அம்மாவுக்கும் தமிழில் படித்துக் காட்டினாள். அய்யம்மாள் கடைசிவரை கேட்டாள்.

“அம்புட்டும் எழுதியிருக்க. மருந்துன்னு ஒரு எடத்துலகூட எழுதலையே?”

“அந்தச் சொல்லாலதாம்மா இவ்வளவும்.”

விசாரணைக்கு விருதுநகர் வரச் சொல்லித் தகவல் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி நேரில் கேட்பார். இசைவாணி லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவைத் தயார் செய்தாள். “மருந்துன்னே சொல்லாத. ரசாயனப் புகைன்னு சொல்லு.” அய்யம்மாளுக்கு ரசாயனம் நாக்கில் நிற்கவில்லை, ரசாணம் ஆயிற்று. “சரி, கெமிக்கல்னு சொல்லு.” அது கெமிக்கலு ஆகி, கெமிக்கில் ஆகி, கடைசியில் வெள்ளைத்தாய் வந்து கெடுத்தாள்.

“ஏ அய்யம்மா, நீ இங்கிலீசுல பேசுனா ஆபீசரு எந்திரிச்சி நின்னுருவாருடி. அழுகையும் இங்கிலீசுலதானா?”

மூன்று பேரும் சிரித்தார்கள். வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. வெள்ளைத்தாய் போன பிறகு இசைவாணி முக்கியமான இடத்துக்கு வந்தாள்.

“கடைசியா, ‘அன்னைக்குப் பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன்’னு சொல்லணும். அது ஒண்ணு சொன்னாப் போதும்மா.”

“அதச் சொல்லமாட்டேன்.”

“ஏன்?”

“நான் தப்பாச் சொல்லல. அவுக சொன்னதத்தான் சொன்னேன்.”

இது முதல் முறை அல்ல. இரண்டு வருஷமாக இந்த இடத்தில்தான் வண்டி நிற்கிறது. வக்கீல் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். ஸ்டேஷன் அதிகாரி வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். காப்பி கொடுத்து அனுப்பினாள். படிக்காத பிடிவாதம் என்று இசைவாணி நினைத்திருந்தாள். அன்றைக்கு அவள் குரல் உயர்ந்துவிட்டது.

“அப்பா பேரு அங்க வரணுமா வேண்டாமா? ஒரு வார்த்தைம்மா. ஒரே ஒரு வார்த்தை. உனக்கு என்ன நட்டம்?”

அய்யம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொளகைக் கீழே வைத்தாள்.

“தப்பாச் சொன்னது நாந்தான்னு ஆயிருச்சுன்னா, அந்தக் கொழாய அவுக மூக்குல விட்டது யாரு, தாயி?”

இசைவாணி அம்மாவின் அருகே வந்து நின்றாள்.

“கட்டுன கைய ஆட்டி ஆட்டிக் கேட்டாக. எடுத்துருன்னு எங்கிட்டதான் கேட்டாக. நானும் வந்தவுக போனவுக காலெல்லாம் பிடிச்சேன். எடுத்துருங்கய்யா, எடுத்துருங்கய்யான்னு. எடுக்கக் கூடாதும்மா, மருந்து சாப்பிட்டவுகளுக்குப் போட்டுத்தான் ஆகணும்னுட்டாக. அந்த வார்த்தைய நாந்தான சொன்னேன்? தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு நான் எப்பிடித் தாயி சோறு திம்பேன்?”

சொளகை மறுபடி எடுத்துக்கொண்டாள். இசைவாணி எதிரே உட்கார்ந்து அவளும் கல் பொறுக்கினாள். அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கவில்லை.

விருதுநகர் பஸ்ஸில் அய்யம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். மார்க்கெட் பக்கம் மிளகாய் நெடி வந்ததும் முந்தானையால் மகளின் மூக்கைப் பொத்தினாள், சின்னப் பிள்ளைக்குப் பொத்துவதுபோல. இசைவாணி கையைத் தட்டிவிடவில்லை.

அதிகாரியின் பெயர் லட்சுமிகாந்தம். கும்பகோணம் பக்கத்துக்காரர். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பிறகுதான் ஆரம்பித்தார்.

“அன்னிக்கு டாக்டர்கிட்ட என்னம்மா சொன்னீங்க?”

“மருந்து உள்ள போயிருச்சுன்னு சொன்னேன்.”

இசைவாணி தரையைப் பார்த்தாள்.

“இப்பவும் அதையேதான் சொல்றீங்களா?”

“ஆமாய்யா. அதான் நடந்துச்சு.”

“எந்த மருந்தும்மா?”

“எத்தன மருந்துய்யா இருக்கு? கம்பெனி மருந்துதான்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “கம்பெனி மருந்துன்னா?”

“வெடியில அடைக்கிறதுய்யா. தீப்பிடிச்சு எரியும்போது உள்ள போனாக, அவுக நெஞ்சுல அது போயிருச்சு. வீட்டுக்கு வந்து அவுகதான் அப்பிடிச் சொன்னாக. ஐயா ஊர்ல மருந்துன்னா வேறயா?”

“எங்க ஊர்ல வயலுக்கு அடிக்கிறதும்மா.”

“அது சரி. ஐயா ஊர்ல வயல் இருக்கு. எங்க ஊர்ல கம்பெனிதான இருக்கு?”

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினாள். “நான் சிவகாசிதான் சார். எங்க வீட்டுலயும் மருந்துன்னா அதான் சார்.”

லட்சுமிகாந்தம் கண்ணாடியைக் கீழே இறக்கி அய்யம்மாளைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரியில் எழுதியதை எடுத்து, ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பவும் கேட்டார். எப்போது என்று கேட்டார்களா? என்ன மருந்து என்று கேட்டார்களா? அவள் அன்றைக்குச் சொன்ன அதே பதில்களைச் சொன்னாள். ஒரு சொல்கூட மாற்றவில்லை. வீட்டில் சண்டையா என்ற கேள்விக்கு வந்தபோது அவரே அதைப் படிக்காமல் தாண்டினார்.

“நீங்க தப்பாச் சொன்னதா நான் எழுதப் போறதில்ல” என்றார். “நீங்க சொன்னது சரி. கேட்டவருக்கு உங்க ஊர்ப் பேச்சு தெரியல. அப்படித்தான் எழுதுறேன். பணியில இறந்தவர்னே மேல பரிந்துரை பண்றேன்.”

அவர் எழுதுவதைப் பார்த்தபடி இருந்தாள் அய்யம்மாள். இசைவாணி அவள் முழங்கையைத் தொட்டாள். அவள் திரும்பவில்லை.

அதிகாரி தாளைத் திருப்பி, பழைய வரியின் மேல் விரலை வைத்தார். “விஷம்னு போட்டிருக்கே, அது இனிமே இருக்க வேண்டாம். எடுத்துடலாம்மா.”

“என்னய்யா சொன்னீக?”

“எடுத்துடலாம்னேன்.”

அய்யம்மாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். வலது கையை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். மூக்கின் அருகே பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எதையோ பிடித்து, வலிக்காதபடி மெதுவாக இழுத்தாள். அது நீளமாக வந்தது. முழுவதும் வந்ததும் இரண்டு கைகளாலும் ஏந்தி மேசைமேல் வைத்தாள்.